கீறல் விழுந்த இசைத்தட்டு

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய இசைத்தட்டு, பல்லவியில் ஒரே இடத்தையே ஓயாமல் பாடிக்கொண்டிருக்கிறது. சங்கதி என்று ரசிப்பதா, சிகிச்சை செய்வதா?

பதில்: சங்கதியென்றால் வருந்தோறும் புதிதாக வரவேண்டும், மாறாமல் வருவது வியாதியே. ஆயினும், கீறல்தான் என்று அவசரப்பட்டு நிச்சயித்துவிடாமல், பூதக்கண்ணாடி கொண்டு அவ்விடத்தைப் பரிசோதித்தால், பள்ளத்தில் படிந்து இறுகிய அழுக்கே ஊசியைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது பல சமயங்களில் புலப்படும்; காய்ச்சி வடித்த நீரில் இரண்டொரு துளி மென்மையான சோப்புத் திரவம் கலந்து, நடுவிலுள்ள காகிதம் நனையாதபடி, குறுக்கே தேய்க்காமல் பள்ளத்தின் போக்கிலேயே மெல்லிய துணியால் அவ்வழுக்கைத் துடைத்தெடுப்பது உத்தமம். சாராயச் சத்துள்ள திரவத்தை மட்டும் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகளின் அருகே கொண்டுபோகலாகாது, 1948-இல் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனியார் வெளியிட்ட வினைல் நெடுந்தட்டுகளைப் போலன்றி, அவை பெரும்பாலும் அரக்கு கலந்து வார்த்தவை, கரைந்துபோகும். வினைல் தட்டு வளைந்திருந்தால், இரு கனத்த கண்ணாடிப் பலகைகளுக்கிடையே இளஞ்சூட்டில் வைத்து, முற்றும் ஆறிய பின்னரே எடுங்கள். மெய்யான கீறலுக்கோ மருந்தில்லை. பள்ளத்தின் சுவர்களன்றோ சங்கீதம்! மெழுகு பூசலாம் என்போர் சொல்லைக் கேளாதீர்கள். தட்டோடு ஊசியும் கெடும்.