ஆல்டர் பீஸு

வா கண்ணு, வா. அந்தக் கயித்துக்கட்டில்ல வேண்டாம், இந்தத் திண்ணையில ஒக்காரு. கட்டிலுக்கும் என்ற வயசுதான். ரெண்டு பேரும் உன்னைத் தாங்க மாட்டோம். அஞ்சு வருசத்துக்கு முன்னாடி இதே கட்டில்ல காலை ஆட்டிக்கிட்டு ஒக்காந்து, "அப்புச்சி, 48 கிலோ போயிருச்சு"ன்னு நீ சொன்னப்ப அது முனகக்கூட இல்லை. இன்னிக்கி நீ வண்டியை ஸ்டாண்டு போடறப்பவே கிரீச்சுங்குது.

உங்கம்மா போன் பண்ணிட்டா. மறுக்கா வயித்துல கத்தி வெக்கப் போறயாம். "அப்பா, நீங்க சொன்னாத்தான் கேப்பான்"னு ஒரே அழுகாச்சி. நான் சொல்லி நீ எப்பக் கேட்ட? 2018ல கேட்டயா? "ஆபரேசனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், தோட்டத்துக்கு வந்து ஆறு மாசம் மம்பட்டி புடி, தானா எளைச்சுருவே"ன்னேன். நல்லவேளை நீ கேக்கல. 132 கிலோ, அதுக்கு மேல சக்கரை, ராத்திரியில மூச்சு நின்னு நின்னு வர்ற கொறட்டை. இத்தனையும் வெச்சுக்கிட்டு உன்னை மம்பட்டி புடிக்க விட்டிருந்தா, வாய்க்கா வெட்டியிருக்க மாட்டோம், வேற குழிதான் வெட்டியிருப்போம். அது என்ற மடத்தனம். அதனால இன்னிக்கி 'போகாதே'ன்னு சொல்ல மாட்டேன். பேச்சுக் குடுத்துப் பாக்கறேன், அவ்வளவுதான்.

நீ திருப்பூர்ல பனியன் தைக்கறவன். உன்ற பாசையிலேயே பேசுவோம். அன்னிக்கி உனக்குப் பண்ணுனதுக்குப் பேரே ஸ்லீவுதானே? சட்டைக்கை. வயித்துல வெளிப்பக்கம் வளைஞ்சு நிக்கற பாகத்தை முக்காப் பங்குக்குக் கொறையாம வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை வாழப்பழ மொத்தத்துக்கு நீளக் குழாயாட்டம் பின்னடிச்சு விட்டாங்க. நாலஞ்சு ஓட்டை, ஒரு கேமரா, மூணாம் நாளு வீடு. நல்ல கட்டிங் மாஸ்டர் வேலைதான், குத்தஞ் சொல்ல மாட்டேன். வெட்டிப்போட்ட அந்தத் துண்டுலதான் பசிக்கு மணியடிக்கிற சுரப்பு நெறைய ஊறுமாம், கிரெலின்னு பேராம். உன்ற தங்கச்சி படிச்சுச் சொன்னா. மணியக்காரனையே ஊரை விட்டுத் தாட்டி விட்டதால ஒரு வருசம் உனக்குப் பசின்னா என்னன்னே தெரியல. அரை இட்லி தின்னுட்டு "போதும்"ன்னே. உன்ற அமுச்சி சமையக்கட்டுல ஒக்காந்து மூக்கைச் சிந்துனா. மிச்ச இட்லியெல்லாம் தின்னு நான்தான் பெருத்தேன்.

நான் பெருக்கறதுன்னா அது ஒரு அதிசயம், தெரியுமா? இங்க பாரு, நெஞ்சுக்குழியில இருந்து தொப்புள் வரைக்கும் ரயில்ரோடு. 1973ல போட்டது. வயித்துப்புண்ணு. சோறு தின்னாலும் வலி, திங்காட்டியும் வலி, வாய்க்கா மேட்டுல சுருண்டு கெடப்பேன். அப்பெல்லாம் இந்த எரிச்சல் மாத்திரையெல்லாம் ஏது? சுண்ணாம்புத் தண்ணியாட்டம் ஒரு மருந்து ஊத்துவாங்க, கேக்காட்டிக் கத்தி. பாதி வயித்தை வெட்டிட்டு, குடலைத் தூக்கிக் கொண்டாந்து மேல தைச்சு அனுப்புனாங்க. வேலிமுள்ளாட்டம் ஆயிட்டேன். "ஏம்புள்ள, அவனுக்குச் சோறு போடறயா இல்லையா"ன்னு ஊரே உன்ற அமுச்சியை வெசாரிச்சுது.

என்னையாட்டம் அல்சருக்கு வயித்தை வெட்டிக்கிட்டவங்க எளைச்சுப் போறதைப் பாத்துத்தான் அமெரிக்காவுல ஐயோவாங்கற எடத்துல எட்வர்டு மேசன்னு ஒரு டாக்டரு, "இதையே குண்டா இருக்கறவங்களுக்குப் பண்ணுனா என்ன?"ன்னு 1966ல வயித்துப் பைபாஸை ஆரம்பிச்சாராம். அப்பப் பாரு. நீ லட்சக்கணக்குல காசு கட்டி வாங்குன எளைப்பை, நான் வியாதியோட கொசுறா வாங்குனவன். இந்த லைன்ல நான் உனக்குச் சீனியரு.

சீனியரு பட்டதைக் கேளு. ஆபரேசன் ஆன மறு வருசம், நம்ம ஆலையில வெல்லம் காய்ச்சறாங்க. கொப்பரையில இருந்து சுடச்சுட பாகு ஒரு கொட்டாங்கச்சி மொண்டு குடிச்சேன். கால் மணி நேரங்கூட ஆகல. வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு உடுக்கையாட்டம் அடிக்குது, வயிறு கலக்குது. கரும்புக்காட்டுக்குள்ள ஓடுனவன் பொழுதோடதான் வெளிய வந்தேன். பொறவு டாக்டரு சொன்னாரு, இனிப்பு வயித்துல நின்னு எறங்காம மொத்தமாக் குடல்ல விழுந்தா அப்பிடித்தானாம். டம்பிங். டிப்பர் லாரி ஜல்லியக் கொட்டற கணக்கு. சட்டைக்கை வயித்துல அது கொறைச்சல். பைபாஸுன்னா பல பேருக்கு வரும். அன்னையில இருந்து பாகைக் கண்டா தூர நின்னு கும்பிட்டுட்டுப் போயிருவேன். நீ ஒப்புட்டுக்கு உசுரை விடறவன். அதுக்குத்தான் சொல்லி வெக்கறேன்.

சரி, உன்ற விசயத்துக்கு வருவோம். 84க்கு எறங்குன, இப்ப 109ல நிக்கற. அதுக்கு எதுக்குக் கோழி களவாண்டவனாட்டம் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வர்ற? ஸ்வீடன்ல 1987ல இருந்து இப்பிடி ஆபரேசன் பண்ணுனவங்களை வருசக்கணக்கா எடை போட்டு எழுதி வெச்சிருக்காங்களாம். மொத ஒண்ணு ரெண்டு வருசத்துல அடிமட்டத்துக்குப் போற எடை, பொறவு பெரும்பாலும் கொஞ்சங் கொஞ்சமா மேல வந்துதான் நின்னிருக்குது. ஆனாப் பழைய எடத்துக்கு வரல; செத்தவங்க கணக்கும் ஆபரேசன் பண்ணாத குண்டுகளை விடக் கொறைச்சல். ஒடம்புங்கறது பஞ்சம் பாத்த சம்சாரி கண்ணு. குதிரு கொறைஞ்சா அதுக்கு வெசனம் வந்துரும். செலவைச் சுருக்கும், பசியைக் கெளப்பி விடும். உன்ற சக்கரை மாத்திரை மூணுல இருந்து ஒண்ணாச்சு. கொறட்டைச் சத்தத்துக்குப் பயந்து அடுத்த ரூம்புக்குப் போன உன்ற பொண்டாட்டி திரும்பி வந்துட்டா. இதையெல்லாம் எந்தத் தராசுல நிறுத்துப் பாத்த?

இரு, இரு. அதுக்குள்ள நிமுந்து ஒக்காராத. முழுப் பழியையும் ஒடம்பு மேல போட நான் விட மாட்டேன்.

போன மாசம் உன்ற கம்பெனிக்கு வந்தேனே, பேங்குல வேலைன்னு. பொய்யி. உன்னைப் பாக்கத்தான் வந்தேன். பேப்பரு படிக்கறவனாட்டம் மூலையில ஒக்காந்திருந்தேன். உன்ற மேசையில வலது கைப் பக்கத்து டிராயரு. ரசீதுப் புக்குக்கு அடியில மிக்சர் பொட்டலம், வாயை ரப்பர் பேண்டுல கட்டி. அதுக்குப் பக்கத்துல முறுக்கு. ஒரு மணி நேரத்துல பன்னண்டு தடவை டிராயரு தொறந்துச்சு. ரசீதுப் புக்கு ஒருக்காக்கூட வெளிய வரல.

மத்தியானம் சோத்துக்கு ஒக்காந்தா முட்டை ஒண்ணரை, அதுக்கே "அடைக்குது அப்புச்சி"ங்கற. நாலு மணிக்கு டீயில நனைச்ச முறுக்கு எட்டு. அது அடைக்கல. எப்பிடி அடைக்கும்? கறியும் முட்டையும் கொள்ளுப் பருப்பும் அந்தக் குழாயில நிக்கும், 'போதும்'ன்னு சொல்லும். டீயில ஊறுன முறுக்கு கொழகொழன்னு வழுக்கிட்டுப் போயிட்டே இருக்கும். ஐஸ்கிரீமும் அப்பிடித்தான். அதுக்கு எந்த டாக்டரு வந்து எங்க தையல் போடறது? வாயிலயா? மூக்கு வழியாச் சிரிக்காத. திங்கறப்பத் தண்ணி குடிக்காதே, முந்தியும் பிந்தியும் அரை மணி நேரம் விடுன்னு அன்னிக்கி உன்ற டயட் புள்ள சொன்னதெல்லாம் இதுக்குத்தான். எனக்கே ஞாபகம் இருக்குது, உனக்கு மறந்து போச்சு.

இப்ப ஒண்ணு கேக்கறேன், மொதலாளியா பதில் சொல்லு. செக்கிங்ல, கொறை இருக்குதுன்னு ஆல்டர் பீஸு ஒண்ணு திரும்பி வருது. என்ன பண்ணுவ? உள்பக்கம் திருப்பிப் பாப்ப. தையல் விட்டுருச்சா, கட்டிங்ல அளவு தப்பா, துணி தண்ணியில சுருங்குச்சா. இதைப் பாக்காம நேரா பிளேடை எடுத்துப் பிரிக்கறவனை நீ வேலையில வெப்பயா? உன்ற வயித்தை இன்னும் யாரும் திருப்பியே பாக்கலையே கண்ணு! எண்டோஸ்கோப்பு போட்டயா? மருந்தைக் குடிக்க வெச்சுப் படம் எடுத்தாங்களா? குழாய் விரிஞ்சிருக்குதா, அன்னிக்கி மேல்பக்கம் வெட்டாம உட்டது இப்பப் பையாட்டம் ஆயிருச்சா, நடுவுல சுருங்கி முறுக்கிக்கிட்டு நிக்குதா? தைராய்டு பாத்தாங்களா? வேற ஏதாச்சும் மாத்திரை எடையை ஏத்துதா? உன்ற தம்பி நம்மளை விட்டுப் போனதுக்கப்புறம் நீ ராத்திரியில தூங்காம டிராயரைத் தொறக்கறயே, அதைப் பத்தி யார்கிட்டயாச்சும் வாயத் தொறந்தயா? அதுக்கும் ஒரு டாக்டரு இருக்காங்க. பைத்தியத்துக்கு மட்டும்னு நெனச்சுக்காத.

ஒண்ணு மட்டும் வேற கணக்கு. ராத்திரி ரெண்டு தலகாணி அடுக்கி வெச்சுப் படுக்கறயாம், புளிச்ச தண்ணி தொண்டைக்கு ஏறுதாம். உன்ற பொண்டாட்டி சொன்னா. சட்டைக்கைக்காரங்களுக்கு இந்த எதுக்களிப்பு வர்றது ஊரறிஞ்சது. மாத்திரைக்கு அடங்காம உணவுக்குழல் வெந்து போச்சுன்னா, சட்டைக்கையைப் பைபாஸா மாத்திக் கட்டறது முறையான வைத்தியந்தான். அதுக்காகப் போறதா இருந்தா நானே கன்னுக்குட்டிய வித்துக் காசு தர்றேன். மினி பைபாஸுன்னு ஒண்ணு, ஒத்தைத் தையலோட முடியறது, நம்ம பக்கம் நெறையப் பண்றாங்க. எரிச்சக்காரனுக்கு அதுல பித்தநீர் மேல ஏறுமான்னு நேருக்கு நேரா கேளு. வெறும் தராசு முள்ளுக்காகன்னா, இன்னும் நாலு வாட்டி யோசி.

ஏன்னா, பிரிச்சுத் தைக்கற துணியைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? ஊசி போன ஓட்டை அங்கங்க நிக்கும், ஓரம் நைஞ்சிருக்கும். வயித்துக்குள்ளயும் அதேதான். பழைய தழும்புல ஈரலும் கொழுப்பும் ஒட்டிக் கெடக்கும், அதைப் பிரிச்செடுக்கறதே ஒரு பாடு. தையல் ஒழுகற ஆபத்து மொத வாட்டியை விட ஜாஸ்தி. எளைக்கறதும் பெரும்பாலும் அன்னிக்கி எளைச்ச அளவுக்கு இருக்காது. பைபாஸ் ரோட்டுல பெரிய போர்டு வெச்சிருக்காங்களே, முன்னாடி குண்டு, பின்னாடி ஒல்லின்னு ரெண்டு படம் போட்டு, அதுல இதுக்கு எடம் பத்தல போல.

கண்ணபுரத்துச் சந்தையில துண்டுக்கு அடியில வெரலைப் புடிச்சு வெலை பேசறதுக்கு முந்தி, மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாத்து, நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்போம். நீ டாக்டரைப் பாரு. ரெண்டாந் தடவை வயிறு எத்தனை பண்ணியிருக்கீங்க? அஞ்சு வருசம் ஆன ஆளுக இப்ப எப்பிடி இருக்காங்க? ஒழுகுச்சுன்னா நடுராத்திரி யாரு வருவாங்க? கேட்டா மூஞ்சி சுளிக்கறவரா இருந்தா, எந்திரிச்சு வந்துரு. நல்ல டாக்டரு இதைக் கேட்டா சந்தோசப்படுவாரு. சில பேரு, "மொதல்ல கத்தி வேண்டாம், ஊசி போட்டுப் பாப்போம்"பாங்க. வாரத்துக்கு ஒண்ணு போடறது, மவுன்ஜாரோவோ என்னமோ, 2025ல நம்ம நாட்டுக்கு வந்துச்சே அது. பசியை அமுத்துமாம். ஆபரேசனுக்கப்பறம் எடை ஏறுனவங்களுக்கும் குடுக்கறாங்க. நிறுத்துனா எடை திரும்பி வந்துரும், பில்லு மாசாமாசம் வரும், அதையும் பாத்துக்க.

பைபாஸுன்னே முடிவாச்சுன்னா, முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல நீயா வாங்கிப் போடற வலி மாத்திரையை உட்டுரணும், தையல்ல புண்ணு வரும். பீடி சிகரெட்டும் ஆகாது. நீ குடிக்கறதில்லைன்னு உங்கம்மா நம்பறா. நானும் நம்பறவனாட்டம் ஒக்காந்திருக்கேன். குடல் மாத்திக் கட்டுனவனுக்கு ஒரு கிளாஸே வெரசா தலைக்கு ஏறும், பழக்கமும் சுருக்கா ஒட்டிக்கும். அப்பறம் இரும்பு, கால்சியம், டி, பி12ன்னு ஆயுசு பூரா மாத்திரை, வருசா வருசம் ரத்த டெஸ்ட்டு. இப்பக் குடுத்த மாத்திரைய நீ திங்கற லட்சணம், போன நோம்பிக்கு உன்ற ரூமைக் கூட்டுன அமுச்சியைக் கேளு. சீலு பிரிக்காத டப்பா மூணு. ஒண்ணுல இப்ப அவ கடுகு போட்டு வெச்சிருக்கா.

சிரிச்சது போதும். 1980ல எனக்கு ரெண்டு காலும் மதமதன்னு மரத்துப் போச்சு. ஒத்தக்காலுச் செருப்பு கழண்டது தெரியாம இட்டேரியில அரை மைல் நடந்து வந்தேன், உள்ளங்கால்ல முள்ளு. வலியே இல்ல. பூசாரி வந்து "பேயி"ன்னாரு. ஒரு சேவல் போச்சு, பேயி போகல. பொறவு ஈரோட்டுல ஒரு டாக்டரு என்ற வயித்துத் தழும்பைப் பாத்ததும் கண்டுபுடிச்சாரு. வயித்தை வெட்டுனா ஒடம்புக்கு பி12 சரியாச் சேர்றதில்லையாம். சேவலுக்குக் குடுத்த காசுல பத்து ஊசி வாங்கியிருக்கலாம். அன்னையில இருந்து மாசம் ஒண்ணு, தவறுனதில்ல. இந்தக் காலு இன்னிக்கும் இட்டேரியில நடக்குதுன்னா அந்தச் செவப்புத் தண்ணிதான்.

அதா, அமுச்சி ஒப்புட்டோட வர்றா. நெய்யி வேற. நீ வந்தேன்னு காத்தால இருந்து தட்டிட்டு இருக்கா, வேண்டாம்னு சொல்லிறாத, ராத்திரி எனக்குச் சோறு கெடைக்காது. ஒரு ஓரம் கிள்ளி வாயில போட்டு நல்லா மென்னு. மிச்சத்தை இப்பிடித் தள்ளு, நான் மடியில கட்டிக்கிட்டுப் பொழுதோட நாய்க்குப் போடறேன். எனக்கெங்க, எனக்குத்தான் டம்பிங்காச்சே.

நாளைக்கிக் காத்தால வண்டிய எடுத்துட்டு வா. நர்சம்மாகிட்ட எனக்கு ஊசி முறை. நீயும் கூட வந்து ரத்தத்தைக் குடுத்துப் பாத்துரு. சீனியருக்கு முன்னாடி "ஆத்தா"ன்னு கத்தக் கூடாது. வர்றப்ப அந்த டிராயரு சாவியையும் கொண்டாந்துரு.