பெரியப்பாவின் ஒன்றரை அங்குலம்

ஒகேனக்கல்லில் பரிசல் சவாரி முடித்து, மீன் வறுவலோடு உட்கார்ந்தபோது எடுத்த படம். முன்னால் தட்டுகள், நடுவில் நாங்கள், பின்னால் நின்றவர் பெரியப்பா. ஆறடி மனிதர். பரிசல், மீன், எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் அன்றைக்கு அவர் செலவு. அதனால் படத்தைப் பெரிசாகப் போட்டு, ஃப்ரேம் மாட்டி அவருக்கே கொடுப்பதாக முடிவாயிற்று.

முன்பெல்லாம் இதற்குப் பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு இரண்டு நடை பஸ் ஏற வேண்டும். இப்போது படத்தை ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, ரெடியானதும் ஒரே நடையில் போய் வாங்கிக்கொள்ளலாம். தட்டிவிட்டேன். "இது சுருங்கின படம் சார், பெரிசாக்கினா உடையும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க." அனுப்பினேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு சைஸ் என்றேன். "பார்டர் விட்டா, ஃபுல்லா?"

"ஃபுல்" என்றேன். முழுப் படமும் வரும் என்ற நினைப்பு. ஸ்டுடியோ பாஷையில் அதற்குப் பேப்பர் ஃபுல் என்று அர்த்தமாம்.

கடையில் கவரைப் பிரித்தால், எங்கள் பின்னால் பையில் பேனா செருகிய ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் நின்றது. கழுத்துக்கு மேல் ஆளைக் காணோம்.

கவுண்டர் தம்பி பதறவில்லை. "போன் படம் நாலுக்கு மூணு, பேப்பர் மூணுக்கு ரெண்டு. பதினெட்டு அகலம் வச்சா உங்க படம் பதிமூன்றரை உயரம் வருது. பேப்பர் பன்னிரண்டுதான் சார். ஒன்றரை அங்குலம் எடுத்துத்தானே ஆகணும்?"

"அதை மேலேயே எடுக்கணுமா?"

"கீழே எடுத்தா மீன் போயிடும்."

அப்பாவின் ஃபிலிம் கேமராவில் இந்த வம்பில்லை. 35 எம்.எம். நெகட்டிவ் 36க்கு 24 மில்லிமீட்டர். அதுவும் மூன்றுக்கு இரண்டுதான். நாலுக்கு ஆறு மேக்ஸி பிரிண்ட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அந்தக் காலப் படங்களில் யாருக்காவது தலை இல்லையென்றால் அது அப்பாவின் கைவண்ணம், பேப்பர்மேல் பழி போட முடியாது.

மறுபடி பார்டர் விட்டுப் போடச் சொன்னேன். மறுபடி காசு, மறுபடி பஸ். இந்தத் தடவை தலை, மீன் எல்லாம் பத்திரம். இடமும் வலமும் ஒவ்வோர் அங்குலம் வெள்ளை.

பெரியப்பா ஃப்ரேமை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன் முகத்தை அல்ல, ஓரத்தை.

"ரெண்டு பக்கமும் பேப்பர் சும்மா கெடக்குதே, இதுக்கும் சேர்த்தா காசு வாங்கினான்?"