அக்டோபர் ஜோசியர்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் எனக்குப் பிடித்த மாதம் அக்டோபர். ஆட்டம் நவம்பரில்தான் தொடங்கும். அதுவரை நம் வாக்கு பொய்த்தது என்று யாரும் சொல்ல முடியாது. போன வருஷம் பெஞ்சில் கிடந்த எந்தப் பையன் இந்த வருஷம் கிளம்புவான், எவன் சறுக்குவான் என்று அலுவலக நண்பர்கள் எழுதிப் போட்டுக்கொள்வோம். நான் யாரைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று பார்த்துவிட்டு, அவனை மட்டும் தவிர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகவே ஜெயிக்கிறார்கள்.

2022இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடியைப் பற்றி எழுதினேன்: 'ஏழடி நாலங்குலம், சரி. கால் மெதுவு. இதற்கு மேல் ஏறாது.' கண்ணெதிரே கணக்கு கிடந்தது. முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சுமார் 19 நிமிடமே களத்தில் நின்று சராசரி 14.4 புள்ளி எடுத்தவர். அவரோடு அந்த இடத்தைப் பங்குபோட்ட ட்ரெவியன் வில்லியம்ஸ் அணியை விட்டுப் போயாயிற்று. வாய்ப்பாடு தெரிந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். ஈடி 22.3 புள்ளி எடுத்து நாட்டின் சிறந்த ஆட்டக்காரரானார். 'அதிர்ஷ்டம்' என்றேன். மறுவருஷமும் அவரே. பேச்சை ஃபுட்பாலுக்கு மாற்றினேன். (2022 சீசன் தொடங்கும்போது ஏபி செய்தி நிறுவனத்தின் முதல் 25 அணிகள் பட்டியலிலும் பர்டியூ இல்லை. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவருகிறேன்.)

விஸ்கான்சினின் ஃப்ராங்க் கமின்ஸ்கி கதையும் எனக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் ஆண்டில் சராசரி 4.2 புள்ளி, மூன்றாம் ஆண்டில் 13.9. பையன் திடீரென்று மேதையாகிவிடவில்லை. பத்து நிமிடம் ஆடியவரை இருபத்தேழு நிமிடம் ஆடவிட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அட்டைப்படத்துக்கு மயங்குகிறவன். பள்ளிப் பையனாக இருக்கும்போதே, 2019இல், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையில் வந்தவர் எமோனி பேட்ஸ். மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய முதல் சீசனுக்குச் சராசரிப் புள்ளியாக நான் போட்ட எண்ணை இங்கே எழுத மாட்டேன். ஒரு வருஷம் முன்னதாகவே கல்லூரிக்கு வந்துவிட்ட பதினேழு வயதுக்காரர். நடுவில் முதுகுவலி வேறு. சராசரி பத்தைத் தொடவில்லை.

எங்கள் அலுவலக மதுரைத் தம்பி ஆட்டமே அதிகம் பார்ப்பதில்லை. "யாரு போனான்னு பாருங்கண்ணே. அந்த நிமிசம் யாருக்கு விழும்னு பாருங்க. அம்புட்டுத்தான்" என்பான். மூன்று புள்ளி வீச்சு தேறுமா என்று கேட்டால், போன வருஷ ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வான். அது கோட்டில் நின்று, தடுப்பாரில்லாமல் போடுவது; கையின் சுத்தம் அதில் தெரிந்துவிடும். பெரும்பாலும் பலிக்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

இந்த வருஷம் நானும் நிமிடக் கணக்கை மட்டுமே பார்ப்பது என்று உட்கார்ந்தேன். பாதிப் பட்டியல் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள்: கோடை விடுமுறை, காலி அரங்கம், ஃப்ரீ த்ரோவில் பாதியைக் கோட்டைவிடும் ஒரு பையன் புது ஸ்டைலில் வரிசையாக மூன்று புள்ளி போடுகிறான். எதிரே தடுக்க ஒரு நாற்காலிகூட இல்லை. அவன் பெயருக்கு நேரே சராசரி பதினாறு என்று போட்டு, அடிக்கோடும் இட்டேன்.