வரப்போறவர்

ஆகஸ்ட் விடுமுறையில், மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பக்கம், பனிச்சங்கேணிப் பாலத்தடியில் கொழும்பு வான் ஒன்று ஓரங்கட்டினால் ஊருக்கு விளங்கிவிடும், வரப்போறவர் வந்துவிட்டார் என்று. அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஊர் அதைப் பாவிப்பதில்லை. குடும்பத்தோடு இங்கே குடிவரப் போவதாக வருசாவருசம் சொல்லிப் போகிறவருக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

இறங்கியதும் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, ஒருபக்கம் ஆற்றையும் மறுபக்கம் கடல் இருக்கும் திசையையும் பார்த்து நெஞ்சு நிறைய மூச்சிழுப்பார். "இதல்லோ சீவியம்!" மனைவி குளிரூட்டியை அணைக்க விடாமல் வானுக்குள்ளேயே இருப்பார். பிள்ளைகள் போனைத் தலைக்கு மேல் தூக்கி சிக்னல் தேடுவார்கள்.

இத்தனைக்கும் மனிதர் வசிப்பது கடலோரத்தில்தான். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் நான்காம் தளம். சமுத்திரம் ஐந்து நிமிட நடை. இடையில் ஒரு வீதியும் தண்டவாளமும், அவ்வளவுதான். ஆனால் அவர் வீட்டு யன்னல் பார்ப்பது அடுத்த தொடர்மாடியின் குளியலறையை. ஆகவே கடலைத் தேடி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டியிருக்கிறது.

இந்த இனம் வெள்ளவத்தையோடு முடிவதில்லை. கனடாவின் ஸ்காபரோவில் பனி வழித்தபடி "ஓய்வெடுத்ததும் வாகரைப் பக்கம்தான்" என்பவரும், லண்டன் ஹரோவிலிருந்து காணி விலை விசாரிப்பவரும் இதே சாதி. தூரம் கூடக்கூட ஊரின் அழகும் கூடும். வெள்ளவத்தைக்காரருக்கு உள்ள ஒரே கஷ்டம், அவரால் உண்மையிலேயே வந்து பார்க்க முடிகிறது என்பதுதான்.

அவருடைய மடிகணினியில் ஓர் அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் 'கொழும்பு', வலப்பக்கம் 'கரையோரம்'. வாடகை, மீன், காற்று, வைத்தியசாலை, பெண்சாதியின் மனநிலை என எல்லாவற்றுக்கும் புள்ளி. இரண்டு பக்கமும் எப்போதும் கிட்டத்தட்டச் சமமாகவே வரும். வராவிட்டால் காற்றுக்குக் கூடப் போட்டுச் சமப்படுத்திவிடுவார்.

அட்டவணையில் கனமான வரி படிப்பு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று. இதைக் கண்டுபிடித்த இரவு அவருக்கு நித்திரை வரவில்லை. மகன் கொழும்பில் பரீட்சை எழுதினால் எஞ்சினியர் ஆகமாட்டான், இங்கிருந்து எழுதினால் ஆகக்கூடும்! ஆனால் அதற்குப் பையன் சில வருசம் இந்த மாவட்டத்திலேயே படித்திருக்க வேண்டும். ரியூசனுக்கு எங்கே போவான் என்று மனைவி கேட்டார். வாழைச்சேனைக்கு பஸ் இருக்கிறது என்றார் இவர். எத்தனை மணிக்கு என்ற அடுத்த கேள்வியோடு அந்த வரி மஞ்சள் நிறத்தில் நின்றுவிட்டது.

பிறகு தண்ணீர். பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஆச்சியின் வளவுக் கிணற்றை அவர் ஒவ்வொரு முறையும் பரிசோதிப்பார். கிணறு ஆழமில்லை. வாளி போட்டால் சத்தம் உடனே கேட்கும். ஒரு கை அள்ளிக் குடித்து, நாக்கைச் சுழற்றி, "நல்ல தண்ணி. ஒரு மோட்டர் பூட்டினால் மேல்மாடித் தாங்கிக்கே ஏத்தலாம்" என்பார். ஆச்சி சிரிப்பார்.

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. கரையோர மணலுக்குள் மழைநீர் பாலாடை மாதிரி உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீரை அது தாங்கும் என்பது நிலத்தடிநீர்க் கணக்கு. மோட்டர் அந்த மேல் மீற்றரை உறிஞ்சத் தொடங்கினால் உப்பு கீழேயிருந்து எழும்பும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையெங்கும் உப்பான கிணறுகளைச் சுத்தப்படுத்துகிறோம் என்று திரும்பத்திரும்ப இறைத்து, சிலவற்றை இன்னும் கெடுத்த கதை 2005இல் நடந்தது. கடைசியில் மழையே வந்து கழுவ வேண்டியிருந்தது. ஆச்சி வாளியோடு நிற்பது பழமைப் பற்றினால் அல்ல.

கரையோரத்துக்குப் புள்ளி கூடுவதற்கு அவர் வருகிற மாதமும் ஒரு காரணம். ஆகஸ்டில் கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். கச்சான் காற்றுச் சுடும், ஆனாலும் படத்துக்கு நல்லது. நவம்பர், டிசம்பரில் வாடை பிடித்து, மழை நாட்கணக்காக ஊற்றி, ஆறு நிரம்பி வளவுக்குள் ஏறும்போது அவர் இங்கே இருந்ததில்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியும் அந்தப் பருவத்தின் பிள்ளைதான். 'காலநிலை' வரியில் கரையோரத்துக்கு அவர் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறார்.

காணி விசாரணை வேறொரு வைபவம். அளவுநாடாவை மகனிடம் கொடுத்துக் கடற்பக்கம் அனுப்புவார். சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கட்டக்கூடாது என்று அரசாங்கம் கோடு கிழித்ததும், பிறகு அதைத் தளர்த்தியதும் அவருக்கு மனப்பாடம். "இருநூறுக்குள்ளே வேணுமா, வெளியிலே வேணுமா?" என்று ஒருவர் கேட்டார். கடல் தெரியவேணும், கடல் வரக்கூடாது என்றார் இவர். அப்படியொரு வளவு கிடைத்தது. ஆனால் அது பெர்மிட் காணி, நினைத்தபடி விற்க முடியாது. இவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை மனைவி மட்டுமே கவனித்தார்.

ஒருநாள் அட்டவணையை ஆச்சிக்கே வாசித்துக் காட்டினார். குடும்பத்தோடு இடம்மாறுவது எவ்வளவு பாரதூரமான விசயம், எத்தனை காரணிகள், எவ்வளவு திட்டமிடல் என்று.

ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தார். சூறாவளியில் கூரை போய் ஓடியது ஒருமுறை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது ஒருமுறை. 2004 டிசம்பர் 26 காலை, உலை கொதிக்கும்போதே ஒருமுறை. 2006 கடைசியில் ஷெல்லடிக்குள் காடும் ஆறும் கடந்து, அடுத்த ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனபோது மட்டக்களப்பு முகாமொன்றில். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அதே கிணற்றடியில் அடுப்பு மூட்டியவர்.

"இஞ்ச இருந்து ஓட எங்களுக்கு அரை மணித்தியாலம் காணும் மனே. வாறதுக்கு உங்களுக்கு ஏன் இவ்வளவு காலம்?"

அவர் இதை 'ஊர் மக்களின் மனப்பாங்கு' என்ற புதிய வரியில் சேர்த்துக்கொண்டார்.

போகும்போது ரெஜிபோம் பெட்டியில் ஆற்று நண்டும் இறாலும் ஏறும். ஐஸ் போடுவது, பெட்டியை நாடாவால் சுற்றுவது, வானில் வெயில் படாத மூலையைத் தெரிவது எல்லாம் அவரே செய்வார். இந்த ஒரு வேலையில் மட்டும் அவருக்குத் தயக்கமே கிடையாது.

போன வருசம் ஆச்சியின் பேத்திக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. வெள்ளவத்தையில் அறை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, வரப்போறவர் அவளை வாங்கில் இருத்தினார். எந்த ஒழுங்கையில் காற்று வரும், எந்த மாடியில் தண்ணீர் ஏறாது, காலி வீதிச் சத்தம் எதுவரை கேட்கும், கடற்பக்கம் என்றால் இரும்புக் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று விபரமாக விளக்கி, அட்டவணையின் பிரதி ஒன்று அனுப்பட்டுமா என்றும் கேட்டார். அவள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். முற்பணத்தை முந்தின கிழமையே கட்டியிருந்தாள்.