வெட்டிப் பயல்களின் தலபுராணம்

பல்கலைக்கழக வரலாறு எழுதுகிறவர்கள் முதல் துணைவேந்தரில் தொடங்கிப் பவளவிழாக் கட்டடத்தில் முடித்துவிடுவார்கள். படிக்க வேண்டிய நேரத்தில் வேறு எதையோ நோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் அரைப்பக்கம்கூடக் கிடைக்காது. ஆனால் வெப்கேமரா, வலைப்பதிவு, ஆன்லைன் வகுப்பு என்று நாம் இன்று அனுபவிப்பதில் முக்கால்வாசி அந்தப் புண்ணியவான்களின் கைங்கரியம். அவர்களுக்கும் ஒரு தலபுராணம் வேண்டாமா?

முதல் படலம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், 1960-இல். வாத்தியார் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடலாம் என்று டொனால்டு பிட்சர் என்ற இளம் பொறியாளர் கிளம்பினார். திட்டத்துக்கு பிளேட்டோ என்று பெயர் வைத்தார்கள். தத்துவஞானியிடம் அனுமதி கேட்கவில்லை. அவரும் ஆட்சேபிக்கும் நிலையில் இல்லை. பாடத்தைக் காட்டத் தோதான திரை சந்தையில் இல்லை என்றதும், 1964-இல் பிட்சரும் கூட்டாளிகளும் பிளாஸ்மா திரை என்ற ஒன்றையே கண்டுபிடித்தார்கள். 1972 வாக்கில் வந்த நான்காம் பிளேட்டோவின் திரை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. விரலால் தொட்டே விடை சொல்லலாம். ஐபோன் பிறக்க இன்னும் 35 வருடம் இருந்தது.

அரசாங்கப் பணத்தைக் கொட்டி இவ்வளவையும் செய்துகொடுத்துவிட்டு, இனி படியுங்கள் என்றால் பையன்கள் படிப்பார்களா? 1973-இல் டேவிட் வூலி என்ற 17 வயது இளைஞர், மென்பொருளில் தட்டுப்படும் பிழைகளை எல்லோரும் எழுதிவைக்க ‘நோட்ஸ்’ என்று ஒரு வசதி செய்தார். பிழைகளை எழுதினார்கள். அப்புறம் பிழைகளைப் பற்றிய அபிப்பிராயத்தை எழுதினார்கள். அப்புறம் அபிப்பிராயம் சொன்னவரைப் பற்றி எழுதினார்கள். பொதுவெளியில் எழுதுவதும் அதற்குப் பத்துப் பேர் மறுமொழி போடுவதும் என்ற மனித குலத்தின் முக்கியமான பொழுதுபோக்கு, அங்கே ஒரு புகார்ப் பெட்டியில் இப்படிக் கண் விழித்தது.

இதைவிடப் பெரிய திருவிளையாடல் 1975-இல் நடந்தது. அங்கே மக்கள்தொகை – எரிசக்தி ஆய்வுக் குழுவுக்குக் கணினியில் ஐந்து கோப்பிடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஐந்தாவது காலியாகக் கிடந்தது. ரஸ்டி ரதர்ஃபோர்டு என்பவர் அதில் நிலவறைக்குள் இறங்கிப் பூதங்களோடு மல்லுக்கட்டும் ஒரு விளையாட்டை எழுதிவைத்தார். பெயரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது: ‘பிஎடிட்5’. திறந்துகூடப் பார்க்கத் தோன்றாத அளவுக்குச் சலிப்பூட்டும் பெயர். மக்கள்தொகைக்கும் அதற்கும் ஒரே சம்பந்தம், உள்ளே போனவர்கள் சாவார்கள் என்பதுதான். நிர்வாகம் கண்டுபிடித்து அழித்தது. அது திரும்ப வந்தது. கணினியில் விளையாடிய ஆதி நிலவறைச் சாகசங்களில் ஒன்று என்று இன்று அதை வரலாற்றில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குழு மற்ற கோப்பிடங்களில் என்ன எழுதியது என்று எவரும் விசாரிப்பதில்லை.

அடுத்த படலம் கேம்பிரிட்ஜ். நியூட்டன் புவியீர்ப்பைப் பற்றி யோசித்த பல்கலைக்கழகம். 1991-இல் அதன் கணினி ஆய்வகத்தில் அறிவாளிகளை வாட்டிய கேள்வி வேறு: காபி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா?

ட்ரோஜன் அறை என்றழைக்கப்பட்ட ஒரு கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில், ஒரே ஒரு காபி இயந்திரம். பங்காளிகளோ கட்டடத்தின் பல மாடிகளில். நாலு மாடி இறங்கி வந்து பார்த்தால், பக்கத்து அறைக்காரர்கள் முந்திக்கொண்டு ஜாடியைக் காலி செய்திருப்பார்கள். இது ஃபில்டர் காபிதான் என்றாலும் கும்பகோணம் டிகிரி காபி என்று யாரும் மயங்க வேண்டாம். சூட்டுத் தட்டின் மேல் நெடுநேரம் கிடந்து கஷாயமாகிப்போன சமாச்சாரம். அதற்குத்தான் இந்த ஓட்டம்.

நம்மூர் அலுவலகமாக இருந்தால் ஒரு பையனைக் கூப்பிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வா என்றிருப்போம். இவர்கள் அதிவேகக் கணினி வலைப்பின்னலில் ஆராய்ச்சி செய்பவர்கள் ஆயிற்றே! வேதியியல் செய்முறை வகுப்பில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அந்த இரும்புத் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சும்மா கிடந்த ஒரு கேமராவை அதில் கவ்வவைத்து, மூக்கைக் காபி ஜாடியின் பக்கம் திருப்பினார்கள். தரைக்கடியில் ஒயரை ஓடவிட்டு அறைக்குள் இருந்த கணினியில் சொருகினார்கள். படம் பிடித்து அனுப்பும் நிரலை பால் ஜார்டெட்ஸ்கி எழுதினார். அதை அவரவர் திரையின் மூலையில் காட்டும் நிரலை குவென்டின் ஸ்டாஃபர்டு-ஃப்ரேசர் எழுதினார். நிமிடத்துக்கு மூன்று படம். அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி. கறுப்பு வெள்ளை. ஜாடியின் அடியில் கறுப்பு தெரிந்தால் எழுந்து போகலாம். தெரியாவிட்டால் ஆராய்ச்சியைத் தொடரலாம். காபியை நிரப்பி வைப்பது யார் என்ற சிக்கலுக்கு மட்டும் கேம்பிரிட்ஜின் எந்த மூளையாலும் தீர்வு காண முடியவில்லை.

1993-இல் உலகளாவிய வலையில் படங்களைக் காட்ட வழி பிறந்தது. இன்னும் இரண்டு பேர், டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும், அந்த நவம்பரில் காபி ஜாடியை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். அதோடு பிடித்தது சனி. குடிக்க முடியாத காபியை, போக முடியாத ஊரிலிருந்து லட்சக்கணக்கானோர் பார்க்கத் தொடங்கினார்கள். ஜப்பானில் பகலாக இருக்கும்போது கேம்பிரிட்ஜில் இருட்டாயிற்றே, விளக்கை அணைக்காமல் விட்டுவையுங்கள் என்று அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. ஊர் பார்க்க வந்த அமெரிக்கர்கள் சுற்றுலா அலுவலகத்தில் ஜாடிக்கு வழி கேட்டார்கள். அந்த ஊரில் 15-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றும் இருக்கிறது.

2001-இல் ஆய்வகம் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. ஆகஸ்ட் 22 அன்று கேமராவை நிறுத்தினார்கள். கடைசிப் படத்தில் ஜாடி இல்லை. சுவிட்சை அணைக்கும் விரல்கள்தான் மங்கலாகத் தெரிகின்றன. வேலை செய்யாமல் போயிருந்த, க்ரூப்ஸ் நிறுவனத்துக் காபி இயந்திரத்தை இணைய ஏலத்தில் விட்டார்கள். ஜெர்மனியின் ஷ்பீகல் இதழின் இணையப் பிரிவு 3,350 பவுண்டு கொடுத்து எடுத்தது. க்ரூப்ஸ் ஆட்களே வந்து காசு வாங்காமல் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். இப்போது பாடர்போர்ன் நகரத்துக் கணினி அருங்காட்சியகத்தில் அது கண்ணாடிக்குள் கொலுவிருக்கிறது. அதிவேக வலைப்பின்னல் ஆராய்ச்சியிலும் அவர்கள் நல்ல கட்டுரைகள் எழுதினார்கள். ஆனால் அவற்றுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைக்கவில்லை.

ஜாடியே இவ்வளவு பிரபலமானால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? 1994-இல் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால், தன் சொந்தக் கதையைக் கூச்சநாச்சம் இல்லாமல் வலையில் எழுத ஆரம்பித்தார். வலைப்பதிவு என்ற பெயர் வருவதற்கு முன்பே பதிவராகிவிட்டவர். 1996-இல் டிக்கின்சன் கல்லூரியில் ஜெனிஃபர் ரிங்லி என்ற 19 வயது மாணவி, விடுதி அறையில் கேமரா வைத்துச் சில நிமிடத்துக்கு ஒரு படம் தானாக ஏறும்படி செய்தார். பல் தேய்த்தார், துணி மடித்தார், பல நேரம் அறையிலேயே இல்லை. காலி நாற்காலியைக்கூட ஜனங்கள் விடாமல் பார்த்தார்கள். இன்று சாப்பிடுவதற்கு முன் தோசையைப் படம் எடுக்கிற எல்லோரும் அந்த நாற்காலிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

2002-இல் மேட் முல்லன்வெக் என்ற ஹூஸ்டன் பையன் வாஷிங்டனுக்குப் போனபோது எடுத்த படங்களோடு பதிவு எழுத, பி2 என்ற இலவச மென்பொருளைப் பிடித்தார். அதை எழுதியவர் கோர்சிகா தீவுக்காரர் மிஷேல் வால்ட்ரிகி. சில மாதத்தில் ஆசாமி காணாமல் போனார், மென்பொருள் அனாதையானது. முல்லன்வெக் அப்போது ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துக்கொண்டிருந்தார், அதாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் கைகொடுக்க, 2003 மே 27 அன்று அனாதையை வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். பட்டம் வாங்காமலே முல்லன்வெக் வெளியேறினார். பிற்பாடு எத்தனையோ பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தை அவருடைய மென்பொருளில்தான் நடத்தின.

வெட்டிப் பயல்கள் இப்படி இருக்க, கோட்டுப் போட்டவர்கள் என்ன செய்தார்கள்? பிளாக்போர்டு என்ற அமெரிக்க நிறுவனம் இணையவழிப் பாடம் நடத்தும் மென்பொருளை விற்றுவந்தது. 2006-இல் அதற்கு ஒரு காப்புரிமை வாய்த்தது. ஒரே ஆள் ஒரே முறை உள்நுழைந்து, ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் இன்னொன்றில் மாணவராகவும் இருக்கலாம் என்பது அதன் பெருமைகளில் ஒன்று. உலகத்தில் ஆராய்ச்சி மாணவர் அத்தனை பேரும் காலகாலமாகச் செய்துவருவதுதான் இது. கையோடு டிசையர்2லேர்ன் என்ற கனடா நிறுவனத்தின் மேல் டெக்சாஸில் வழக்கு. 2008-இல் 31 லட்சம் டாலர் நஷ்டஈடு என்று ஜூரி சொன்னது. இதற்குள் உலகம் முழுக்க இருந்த கணினி வாத்தியார்கள் கொதித்தெழுந்து, இது ஆதியிலேயே உண்டு என்று நிரூபிக்க விக்கிப்பீடியாவில் முழ நீளத்துக்கு ஒரு வரலாறு எழுதினார்கள். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமைக் கோரிக்கைகள் செல்லாது என்றது.

அந்த வழக்குக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் ஒருவர் சத்தமில்லாமல் காரியத்தை முடித்திருந்தார். மார்ட்டின் டூகியாமஸ். பாலைவனத்து ஊரில் வளர்ந்து, சிற்றலை வானொலியில் பாடம் கேட்டுப் படித்தவர். பெர்த் நகரத்துக் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில், காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளைக் கட்டிமேய்க்கும் வேலை அவருக்கு. மேய்த்து அலுத்துப்போய்ச் சொந்தமாக ஒன்று எழுதி, 2002 ஆகஸ்டில் மூடில் என்று இலவசமாகக் கொடுத்துவிட்டார். நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகள் முதல் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் வரை இன்று வீட்டுப்பாடம் விழுவது அதில்தான்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு, அது மேதைமை அல்ல. காலியாக ஒரு கோப்பிடம், சும்மா கிடந்த கேமரா, விடுதி அறைவரை வந்த இணைய இணைப்பு, எதற்கு என்று கேட்காத மேலாளர். பிளேட்டோவுக்குக் கொட்டிய பணமும் வீணில்லை. அது இல்லாவிட்டால் விளையாட ஆரஞ்சுத் திரை ஏது? ஆகவே கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். வகுப்பு நேரத்தில் ஆய்வகத்தில் எவனாவது எதையாவது நோண்டிக்கொண்டிருந்தால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்பதற்கு முன்னால் ஒருதரம் திரையை எட்டிப் பாருங்கள். ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் தாராளமாகத் திட்டலாம். உங்களுக்குப் புரியாத எதையாவது எழுதிக்கொண்டிருந்தால், வருகைப் பதிவேட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு, மறக்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.