கெயின் பத்து, மிடில் பூஜ்யம்

திருச்சியில் ஹெவி மெட்டலுக்குப் பஞ்சம் கிடையாது. திருவெறும்பூர் பக்கம் பெல் தொழிற்சாலையில் அனல் மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்கிறார்கள். பொன்மலைப் பணிமனையில் ரயில் இன்ஜின்களைக் கழற்றி மாட்டுகிறார்கள். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினே செய்து கொடுத்திருக்கிறார்கள். இவற்றை நம்பி துவாக்குடி வரைக்கும் வெல்டிங் பட்டறைகள். இரும்பை வெட்டி, வளைத்து, ஒட்டிச் சோறு தின்ற ஊர். நியாயப்படி பிளாக் சபாத் என்கிற மெட்டல் கோஷ்டி இங்கேதான் தோன்றியிருக்க வேண்டும். ஏதோ தவறிப்போய் பர்மிங்ஹாமில் தோன்றிவிட்டது.

அதுவும் இரும்பு ஊர்தான். அங்கே தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த, அந்தக் கோஷ்டியின் கிட்டார்காரர் டோனி ஐயோமிக்குப் பதினேழு வயதில், அதுவும் வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் மெஷினில் போயின. இடது கைப் பழக்கக்காரர். கம்பியை அழுத்த வேண்டியது அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குல்லா செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகள் போட்டார். பிறகு கம்பிகளைத் தளர்த்தி சுருதியையே இறக்கினார். உள்ளூர்க்காரரான லேனி 1967-ல் செய்ய ஆரம்பித்த ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, அதன் முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டரைச் சொருகினார். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, முதல் ஆல்பம் வந்தது. அதே வட்டாரத்து ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1980-ல் அரசாங்க எஃகுக் கம்பெனியின் பெயரான 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்பதையே ஆல்பத்துக்கு வைத்தார்கள். அதில் ஒரு பாட்டுக்கு இரும்பு ராட்சசர்கள் நடந்து வருகிற சத்தம் வேண்டியிருந்தபோது, சமையலறைக் கரண்டித் தட்டை எடுத்துக் குலுக்கிப் பதிவு செய்தார்கள்.

எனக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. வீட்டில் கரண்டிக்கும் குறைவில்லை. அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை என்பதால் ஆம்ப் வாங்கக் கிளம்பினேன்.

முதல் ஆம்பை வாங்கியது மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில். கடைப் பையன் கிட்டாரைச் சொருகி, "வாசிச்சுப் பாருங்கண்ணே" என்று கையில் கொடுத்தான். கீபோர்டு பார்க்க வந்த ஒரு குடும்பமும் தபலாவுக்குத் தோல் மாற்ற வந்த ஒரு பெரியவரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் பழகியிருந்த அத்தனையும் அந்த நிமிஷமே மறந்துபோனது. "நீங்களே வாசிங்க தம்பி, நான் சவுண்டு மட்டும் கேட்டுக்கறேன்" என்றேன். அவன் 'இளைய நிலா'வின் ஆரம்பத்தை வாசித்தான். பிசிறில்லாமல் வாசித்தான். கீபோர்டு குடும்பம் கைதட்டியது. ஹெவி மெட்டலுக்கு ஆம்ப் தேடிப் போனவன், 1982-ல் வந்த இளையராஜா பாட்டைக் கேட்டு மயங்கி, "இதையே பேக் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்தவர் விரலைக் கேட்டு ஆம்ப் வாங்குகிற வழக்கம் எனக்கு அதற்கப்புறமும் விடவில்லை.

அது பத்து வாட். வீட்டுக்கு வந்து நான் வாசித்தபோது கடையில் கேட்டதும் வரவில்லை, மெட்டலும் வரவில்லை. வாட் பற்றவில்லை என்று முடிவு கட்டினேன். பிளஸ் டூவில் லாகரிதம் படித்தவன் நான். அதை எங்கே பயன்படுத்த வேண்டுமோ அங்கே பயன்படுத்தவில்லை. வாட் இரண்டு மடங்கானால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஐம்பது வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விழுவதைவிட முதுகில்தான் அதிகம் தெரியும், தூக்குகிறபோது. நூறு வாட் ட்ரான்சிஸ்டர் பெட்டி ஒன்றை வாங்கி, ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் நான் குடியிருக்கும் மாடி போர்ஷனுக்கு, குறுகலான படியில் இடுப்பொடிய ஏற்றினேன்.

ஏற்றி வைத்து, ஒலியைச் சிதைக்கிற கெயின் திருகியைப் பத்தில் வைத்தேன். பேஸ் பத்து. ட்ரெபிள் பத்து. மிடில் பூஜ்யம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எண்பதுகளின் கடைசியில் த்ராஷ் கோஷ்டிகள் பிரபலப்படுத்திய ஏற்பாடு. நான் தேடியதோ அதற்கு முந்தைய அயர்ன் மெய்டன், ஜூடாஸ் ப்ரீஸ்ட் சத்தம். அதில் கெயின் நாம் நினைப்பதைவிடக் குறைவு, மிடில்தான் தூக்கல். இதையெல்லாம் படித்திருந்தேன். ஆனால் தனியாக அறையில் உட்கார்ந்து வாசிக்கையில் மிடிலைக் குறைக்கக் குறைக்கச் சத்தம் பெரிய ஆள் மாதிரி ஆகிறதே, யாருக்குத்தான் மனசு வரும்?

கூடவே ஒரு உறுமல். வாசிக்காத நேரத்திலும் ங்ங்ங் என்று அடிவயிற்றிலிருந்து. கம்பியைத் தொட்டால் குறையும், விட்டால் மறுபடி. சில நாள் தொடும்போது விரலில் சுர்ரென்று இருக்கும். அதை மெட்டலின் வீரியம் என்று நினைத்துக்கொண்டேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது. உறுமலை அடக்க நாய்ஸ் கேட் பெடல் ஒன்று வாங்கினேன். ஒலி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அது கதவைச் சாத்திவிடும். உறுமல் நின்றது. நீளமாக நிற்க வேண்டிய கடைசி ஸ்வரமும் பாதியிலேயே நின்றது.

ஒரு சாயங்காலம் கீழ் வீட்டு மாமா படியேறி வந்தார். ஹவுஸ் ஓனர். தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்பில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர், சபா கச்சேரி ஒன்றும் விடமாட்டார். "ஏம்ப்பா, மேலே கிரைண்டிங் வேலை ஏதாவது நடக்கறதா? நானும் ஷிஃப்ட் முடியட்டும்னு பாத்துண்டு இருக்கேன்" என்றார். கிட்டார் என்று விளக்கினேன். சத்தத்தைப் பற்றித் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பெருமாள் புறப்பாட்டின்போது நாகஸ்வரமும் தவிலும் வீதியில் வருவதைப் பார்த்து வளர்ந்தவர், நாகஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா வாழ்ந்த ஊர்க்காரர். சத்தத்தால் அவரைப் பயமுறுத்த முடியாது. அவர் காது போனது உறுமலின் பக்கம். "அது அம்பது சைக்கிள் ஹம்னா? எர்த் பாத்தியோ?"

கீழே போய் ஒரு டெஸ்ட் லேம்ப் எடுத்துவந்தார்: கறுப்பு ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து நுனி சீவிய இரண்டு ஒயர். ப்ளக் பாயிண்டில் ஒன்றை ஃபேஸிலும் மற்றதை நியூட்ரலிலும் வைத்தார், பல்பு எரிந்தது. நியூட்ரல் ஒயரை எடுத்து மேலே உள்ள பெரிய துளையில் வைத்தார். எரியவில்லை. ஊதி, துடைத்து, மறுபடி வைத்தார். எரியவில்லை. பலகையைக் கழற்றினால், உள்ளே பச்சை ஒயர் கத்தரிக்கப்பட்டு, நுனி மடித்து, எங்கும் சேராமல் சொகுசாக இருந்தது. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் ஆத்துலயே இப்படின்னு வெளில சொல்லாதே" என்றார். அடுத்த வாரம் கொல்லையில் குழி வெட்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டார்கள். உறுமல் பெருமளவு போய்விட்டது. சுர்ரும் போய்விட்டது. விரலில் ஏறிய அந்தக் கசிவு எந்த நாளும் பெரிதாகியிருக்கலாம், ஆள் போயிருப்பாய் என்று மாமா சொன்னபோது தலையாட்டினேன். நாய்ஸ் கேட்டுக்குக் கொடுத்த காசு அந்த எர்த் வேலையைவிட அதிகம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியோடு பொங்கல் விழா ஒன்றில் வாசித்தேன், அலுவலக நண்பர்களின் கோஷ்டியில். மைக்செட்காரர் என் நூறு வாட்டைப் பார்த்தார். "இத வைக்க எடம் இல்ல சார், லைன்ல குடுத்துருங்க" என்றார். கொடுத்தேன். கிட்டாருக்கான பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தானே உதிர்த்துவிடும். சிதைந்த ஒலி காதுக்கு இதமாக இருப்பதற்கு அது பாதிக் காரணம். விழா ஸ்பீக்கருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது, ஹார்னில் எல்லாவற்றையும் கக்கிவிடும். வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. அவர் பதறாமல் ட்ரெபிளை முழுசாக வெட்டினார். கீழே இருந்ததை பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் சாப்பிட்டன. நடுவில் இருக்க வேண்டியதை நான்தான் ஏற்கெனவே பூஜ்யம் ஆக்கியிருந்தேனே. வீடியோவில் நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, உருகி உருகி வாசிக்கிறேன். கிட்டார் சத்தம் மருந்துக்குக்கூட இல்லை. அம்மா இரண்டு தடவை ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "சும்மா கைய ஆட்டுறதுக்கா இத்தன நாள் கிளாஸ் போன?" என்று கேட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் ட்ரான்சிஸ்டர். வால்வு வேண்டும் என்று அடுத்ததாகத் தோன்றியது. ஸ்ரீரங்கத்துக்காரருக்கு வால்வு அந்நியமில்லை. நம் எழுத்தாளர் சுஜாதா வேலை பார்த்த பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோ வால்வு செய்து கொடுத்த இடம். ஆனால் வால்வு கிட்டார் ஆம்பைத் திருச்சியில் எங்கே போய்த் தொட்டுப் பார்ப்பது? பெங்களூருக்கே போனேன். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து, பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்த ஊர். மில்லேனியம், கிரிப்டோஸ் என்று சொந்தமாக மெட்டல் கோஷ்டிகள் வளர்த்த ஊர். அங்கே ஒரு ஜாம் ரூமில் மார்ஷல் ஜேசிஎம் 800 இருந்தது.

அதன் வரலாறு எனக்கு மனப்பாடம். லண்டனில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துத் தன் ஆட்களோடு முதல் ஆம்பைச் செய்தது, 1981-ல் வந்த இதற்கு அவருடைய கார் நம்பர் ப்ளேட்டின் பெயர், உள்ளே இருக்கும் இ.எல்.34 வால்வு எல்லாம் ஒப்பிப்பேன். சொருகி, வழக்கம்போல மிடிலைப் பூஜ்யமாக்கி, பயத்தில் மாஸ்டரை ஒன்றில் வைத்து ஒரு கார்டு அடித்தேன். ஒல்லியாக, வறட்டுத்தனமாக ஏதோ வந்தது. நான் மழுப்பிப் பழகிய ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டது. "இது ரிப்பேரா?" என்று கேட்டேன்.

ஜாம் ரூம் பையன் ஒன்றும் சொல்லாமல் மிடிலை ஏழுக்கு ஏற்றினான். கெயினை ஐந்துக்கு இறக்கினான். பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை முன்னால் போட்டு, அதன் ட்ரைவைப் பூஜ்யத்திலும் லெவலை முழுசாகவும் வைத்தான். அடிப்பகுதியின் கொழகொழப்பை அந்தப் பெடல் வெட்டி, ஆம்பின் முதல் வால்வை இன்னும் அழுத்தும். மாஸ்டரை ஏற்றி, வலது உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜில் பதித்து, கீழ்நோக்கிய அடிகளாகவே வாசித்தான். வந்துவிட்டது. இத்தனை வருஷம் தேடியது அச்சு அசலாக வந்துவிட்டது. கிட்டாரை என்னிடம் நீட்டினான். அதே ஆம்ப், அதே பெடல், அதே எண்கள். வந்தது மறுபடி நான்தான்.

இதிலிருந்து நான் என்ன புரிந்துகொண்டேன் என்றால், பச்சைப் பெடல் வாங்க வேண்டும். வாங்கி வந்து, ஸ்ரீரங்கத்தில் கெயின் பத்தில் இருந்த ட்ரான்சிஸ்டர் பெட்டிக்கு முன்னால் சொருகினேன். அது வீறிட்டுக் கத்தியது.

மாமா மறுபடி படியேறி வந்தார், இந்தத் தடவை சும்மா கேட்க. பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்து முதல் பாட்டை மெதுவாக வாசித்துக் காட்டினேன். "ஸ, மேல் ஸ, பிரதி மத்யமம். ஓ, அங்கே கொண்டு நிறுத்தி மிரட்டறானா? நன்னா இருக்கே" என்றார். பவர் கார்டு என்பது வெறும் ஸவும் பாவும்தான் என்று விளக்கினேன். இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். ஒலி சிதையும்போது இரண்டின் வித்தியாசமாக ஒன்று பிறக்கும், கீழ் ஸ்தாயி ஸட்ஜம். யாரும் வாசிக்காத அந்த ஸ்வரம்தான் மெட்டலின் கனம். என் விளக்கத்தை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, உன் பஞ்சமம் நிக்கவே இல்லையே. கம்பி இறங்கிக் கெடக்கு பாரு" என்றார்.

இறங்கித்தான் கிடந்தது. சித்திரை வெயிலில் கம்பி இறங்குவது அதிசயமில்லை. ட்யூனரை எடுத்துப் பார்க்காததுதான் அதிசயம். சுருதி சேர்த்து, கெயினை நாலுக்கு இறக்கி, மிடிலை ஏழில் வைத்து வாசித்தேன். அந்தக் கீழ் ஸட்ஜம் முதல் தடவையாகத் தரையில் உணரும்படி வந்தது. வால்யூம் இரண்டைத் தாண்டவில்லை. இதற்கு நூறு வாட் எதற்கு? ஹெட்ஃபோன் வைத்த சின்ன டிஜிட்டல் ஆம்ப் ஒன்றுக்கு மாறி, பெரிய பெட்டியை விற்க ஏற்பாடு செய்தேன்.

வாங்க வந்தவன் துவாக்குடிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பையன். கூச்சமே இல்லாமல் உட்கார்ந்து, கெயினைப் பத்தில் வைத்தான். பேஸ் பத்து, ட்ரெபிள் பத்து. மிடிலைப் பூஜ்யத்துக்குத் திருப்பி ஒரு அடி அடித்துவிட்டு, "செம டோன்ணே!" என்றான். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதுவரை மூவாயிரம் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றவன், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பேரத்தை நிறுத்திவிட்டான். படியிறக்க நானே ஒரு பக்கம் பிடித்தேன். ஆட்டோவில் ஏற்றிய பிறகு, பச்சைப் பெடல் ஒன்று இருக்கிறது, நாய்ஸ் கேட்டும் இருக்கிறது, சேர்த்து எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டான்.