பலூன் காற்றாலை வைக்கப் போகிறவருக்கு

கோபுரம் கட்டக் காசில்லையா? விடுங்கள். பெரிய பலூன் ஒன்றின் நடுவே காற்றாலையைச் செருகி, கேபிளில் கட்டி மேலே அனுப்புங்கள். உயரே காற்று பலம். வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆல்டெரோஸ் என்ற நிறுவனம் 2012-இல் சுமார் 107 மீட்டர் உயரத்தில் ஓட்டியே காட்டியது. பிறகு அவர்கள் விசிறியை விட்டுவிட்டு செல்போன் ஆன்டெனா கட்டப் போய்விட்டார்கள். அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில் ஹீலியம். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ தூக்கும். விசிறி, ஜெனரேட்டர், கேபிள், பலூன் துணி எல்லாம் சேர்த்து ஒரு டன் என்றால் ஆயிரம் கன மீட்டர் வேண்டும். பெரிய சிலிண்டரில் ஏழு கன மீட்டர் போல இருக்கும். ஆக, நூற்று நாற்பதுக்குக் குறையாமல் சிலிண்டர்கள். லாரி திரும்ப இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிவிட்டதால் அது உங்களுடையது ஆகிவிடாது. துணி வழியாகவும் ஒட்டு வழியாகவும் கசிந்துகொண்டே இருக்கும். பிறந்தநாளுக்கு விட்டத்தை முட்டிய பலூன் மறுநாள் காலை சோபாவுக்கடியில் சுருங்கிக் கிடக்குமே, அதேதான். விற்ற மின்சாரக் காசில் நிரப்பும் செலவைக் கழித்து மிச்சம் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

ஹைட்ரஜன் மலிவு, எட்டு சதவீதம் கூடுதலாகவும் தூக்கும். ஆனால் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளத் தயார். நடுவில் ஜெனரேட்டர், மேலே இடிமேகம். இன்சூரன்ஸ்காரரிடம் 1937-இல் எரிந்துபோன ஹைட்ரஜன் வான்கப்பல் ஹிண்டன்பர்க்கின் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.

வாயு வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். 30 டிகிரிக்குப் பத்தில் ஒரு பங்கு. ஈடுகட்ட உள்ளே ஒரு காற்றுப்பை, அதை ஊத ஒரு மோட்டார். அதற்கும் உங்கள் மின்சாரம்தான்.

காற்று பலக்கும்போது பலூன் சாய்ந்து தாழும். இறக்கை வைத்துச் சமாளிக்கலாம். புயலென்றால் இறக்கிக் கட்டிவிட வேண்டும்: சரக்கு கொட்டும் நாளில் கடையடைப்பு.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 2015 அக்டோபரில் மேரிலாந்தில் அமெரிக்க ராணுவத்தின் கண்காணிப்பு பலூன் (காற்றாலையல்ல, பங்காளி முறை) அறுத்துக்கொண்டு பென்சில்வேனியாவுக்குப் போனது. இழுத்துப்போன கேபிள் மின்கம்பிகளில் மோதி ஆயிரக்கணக்கான வீடுகளில் கரண்ட் போயிற்று. கடைசியில் துப்பாக்கியால் சுட்டுத்தான் வாயுவை இறக்கினார்கள். ஆகவே பறக்கவிடும் உரிமத்துக்கு இப்போதே மனு போட்டுவையுங்கள்.